வளைகுடா வழியாக அமெரிக்கா: காத்திருக்கும் நேரத்தில் ஊருக்குள் போகலாமா?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து சிகாகோவுக்கு அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். தோஹா, துபாய், அபுதாபி என்று மூன்று வழியிலும் டிக்கெட் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் 10 முதல் 14 மணி நேரம் வரை நடுவில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சுத்த சைவம். எந்த ஊர் வழியாகப் போவது நல்லது, விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடலாமா, வெளியே போய்ச் சுற்றிப் பார்க்கலாமா?

என் ஓட்டு தோஹாவுக்கு. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன். அபுதாபிக்கும் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் டிக்கெட்டில் வேறொன்றைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் காத்திருக்கிறோம் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதுதான் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு இறங்கி இரவு ஒன்பதுக்கு ஏறுகிற 12 மணி நேரமும், இரவு ஒன்பதுக்கு இறங்கிக் காலை ஒன்பதுக்கு ஏறுகிற 12 மணி நேரமும் ஒன்றல்ல. முதலாவதில் ஊர் பார்க்கலாம், இரண்டாவதில் தூக்கம்தான் பார்க்க முடியும். நம் ஊர் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியோ அதிகாலையிலோ கிளம்புவதால், போய் இறங்கும்போது பெரியவர்கள் ஏற்கெனவே ஓர் இரவுத் தூக்கத்தை இழந்திருப்பார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு, மாதம். நவம்பர் முதல் மார்ச் வரை வளைகுடாவில் மாலையில் காலாற நடக்கலாம், மெல்லிய ஸ்வெட்டர்கூடத் தேவைப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கடலோர ஊர்களில் அதோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கே கூடாது என்று சொல்லும் நேரத்தில், முழங்கால் வலியோடு இருக்கிற அப்பாவைக் கடற்கரைச் சாலையில் நடக்கவைக்க வேண்டாம். கோடையில் போகிறீர்கள் என்றால் மாலை ஐந்துக்கு மேல் வெளியே போங்கள், இல்லையென்றால் உள்ளேயே இருந்துவிடுங்கள்.

விசா விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உங்கள் மூன்று பேரிடமும் அமெரிக்க விசா இருக்கிறது. அமீரகத்துக்கு (துபாய், அபுதாபி) அது பெரிய வசதி. இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால், இறங்கியதும் கட்டணம் கட்டி 14 நாள் விசா வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் விமான நிறுவனம் மூலம் முன்கூட்டியே இடைப்பயண விசா எடுக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹம். கத்தாரில் இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், அடுத்த பயண டிக்கெட் கையில் இருக்க வேண்டும், அதோடு 'டிஸ்கவர் கத்தார்' (கத்தார் ஏர்வேஸின் சுற்றுலாப் பிரிவு) வழியாகத் தங்குமிட முன்பதிவும் கேட்பார்கள். சில மணி நேரம் மட்டும் வெளியே போகிறவருக்கு இந்தத் தங்குமிட நிபந்தனைதான் இடைஞ்சல். கத்தார் ஏர்வேஸின் ஸ்டாப்ஓவர் தொகுப்பில் ஒரு விடுதி அறை எடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். அப்பா இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கவும் அந்த அறை உதவும், அதனால் அதை வீண் செலவாக நான் நினைக்க மாட்டேன். இரண்டு நாடுகளிலும் விசா விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள். கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. சென்னை–தோஹா ஒரு டிக்கெட், தோஹா–சிகாகோ வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஒரே முன்பதிவாக இருந்தால்தான் பெட்டி நேராகச் சிகாகோ போகும், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனி டிக்கெட் என்றால் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வந்து, ஆறு பெட்டியையும் இழுத்துக்கொண்டு போய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

சரி, தோஹா. ஹமத் சர்வதேச விமான நிலையம் 2014-ல் திறக்கப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. சோதனை முடிந்து உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய மஞ்சள் கரடி பொம்மை விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பஞ்சு பொம்மை போலத் தெரியும், ஆனால் வெண்கலம். உர்ஸ் ஃபிஷர் என்ற சுவிஸ் கலைஞர் செய்தது, ஏழு மீட்டர் உயரம், 2011-ல் ஏலத்தில் ஏறக்குறைய 68 லட்சம் டாலருக்குப் போனது. அழகா இல்லையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் குடும்பம் பிரிந்துபோனால் 'கரடிகிட்ட வந்துடுங்க' என்று ஃபோனில் சொல்ல அதைவிட நல்ல அடையாளம் அங்கே கிடையாது. அம்மா அப்பாவிடம் இறங்கியவுடனேயே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.

2022-ல் உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி விரிவாக்கம் செய்தபோது 'தி ஆர்ச்சர்ட்' என்று ஒரு தோட்டத்தை உள்ளேயே அமைத்தார்கள். 6,000 சதுர மீட்டர், 300-க்கும் மேற்பட்ட மரங்கள். மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் தண்ணீர். பகலில் கூரை வழியாக உண்மையான வெயில் இறங்கும். ராத்திரி முழுவதும் குழல் விளக்கு வெளிச்சத்தில் கழித்தவர்களுக்கு அந்தச் சூரிய வெளிச்சம் என்ன செய்யும் என்பது அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் புரியும். சுற்றிலும் இருப்பவை கைப்பையைப் பல ஆயிரம் ரியாலுக்கு விற்கும் கடைகள், அந்தப் பக்கம் போக வேண்டாம். மரத்தடியில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க முடியாதவர்களுக்காகக் கட்டடத்துக்குள்ளேயே, தலைக்கு மேலே ஒரு சிறிய ரயில் ஓடுகிறது. கட்டணம் இல்லை. அப்பாவுக்கு அதுவே ஒரு வேடிக்கையாக இருக்கும்.

தூங்குவதற்குச் சாய்வு நாற்காலிகள் போட்ட அமைதி அறைகள் இருக்கின்றன. விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள், காசு கிடையாது, அதனாலேயே சீக்கிரம் நிரம்பிவிடும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதால் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் போக வேண்டிவரும். இரண்டு பேர் கையிலும் வைஃபை இணைத்த ஃபோன் இருக்கட்டும். கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் குடியேற்றப் பிரிவைத் தாண்டாமலேயே, உள்ளேயே ஓரிக்ஸ் என்ற விடுதி இருக்கிறது. மணிக்கணக்கில் அறை தருவார்கள், விசா தேவையில்லை. அதை ஒட்டி 25 மீட்டர் நீச்சல் குளமும் குளியல் வசதியும் உண்டு. வெந்நீரில் ஒரு குளியல் போட்டுவிட்டுச் சிகாகோ விமானத்தில் ஏறுவதற்கும், அப்படியே கசங்கிய சட்டையோடு ஏறுவதற்கும் பதினான்கு மணி நேரப் பயணத்தில் நிறைய வித்தியாசம் தெரியும்.

சக்கர நாற்காலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். முன்பதிவிலேயே கேட்டுவிட்டால் எல்லா ஊரிலும் இலவசமாகத் தருவார்கள். வரிசைகளில் முன்னால் விடுவார்கள், நீங்களும் கூடவே போய்விடலாம். அதில் உள்ள சங்கடம் என்னவென்றால், இடையில் பல மணி நேரம் இருந்தால் தனியாக வரும் பெரியவர்களை ஒரு காத்திருப்புப் பகுதியில் உட்காரவைத்துவிட்டு, விமான நேரத்துக்குத்தான் உதவியாளர் திரும்பி வருவார். நீங்கள் கூட இருப்பதால், 'இப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வாசலுக்குப் போகும்போது மட்டும் வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். நேரத்தையும் இடத்தையும் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது வெளியே. தோஹாவுக்கு நான் ஓட்டுப் போட்டதன் முக்கியக் காரணம், ஊர் பக்கத்தில் இருப்பதுதான். மெட்ரோ ரயில் நிலையம் விமான நிலையக் கட்டடத்தோடேயே இணைந்திருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் முஷைரிப் வந்துவிடும். அங்கே தங்கத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சூக் வாகிஃப். டிக்கெட் இரண்டு மூன்று ரியால்தான். ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள், அதனால் கணக்குப் போடுவது எளிது. வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. குடும்பங்களுக்குத் தனிப் பகுதி இருக்கும், அதில் ஏறுங்கள். நீங்கள் ஆண் என்றாலும் அம்மாவோடு வந்தால் ஏறலாம். வெள்ளிக்கிழமை மட்டும் கவனம். மெட்ரோ தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும், கடைகள் மதியத் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும், அருங்காட்சியகங்களும் அப்படித்தான்.

சூக் வாகிஃப் பழைய சந்தை. 2000-களில் அதைப் பழைய பாணியிலேயே, மண் பூச்சும் மூங்கில், மரக் கழிகளுமாகத் திரும்பக் கட்டினார்கள். 'அப்படியென்றால் அது செட்டிங்ஸ்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் மசாலா, பாத்திரம், துணி வாங்க இன்றும் அங்கே வருகிறார்கள், அதனால் செத்துப்போன செட் அல்ல. மதியம் பன்னிரண்டு ஒன்றுக்கு மேல் பாதிக் கடைகள் மூடி, நாலு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான் அதன் நேரம். தள்ளுவண்டி போன்ற ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, அரக்கு நிற மேல்சட்டை போட்ட வயதான சுமைக்காரர்கள் சந்துகளுக்குள் போய்வருவார்கள். யாராவது மூட்டையாகச் சாமான் வாங்கினால் கார் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. சாமான் இல்லாத நேரத்தில் அதே வண்டியில் ஒரு குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

அங்கே ஒரு பக்கம் முழுக்க வல்லூறுக் கடைகள். கண்ணை மறைத்துத் தோல் தொப்பி மாட்டிய பறவைகள் மணல் பரப்பிய தாங்கிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே அவற்றுக்கென்று ஒரு மருத்துவமனை இருக்கிறது. எக்ஸ்ரே முதல் ஒடிந்த இறகுக்குப் பதில் இறகு வைப்பது வரை செய்வார்கள். விமானத்திலேயே உரிமையாளரோடு பயணிகள் பகுதியில் பறவையை ஏற்றிக்கொள்ளும் நாடு அது. உங்கள் பக்கத்து இருக்கையில் வந்தால் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

சாப்பாடு. சூக்கில் மாலை நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து 'ரகாக்' என்ற ரொட்டியைச் சுடுவார்கள். சூடான வட்டக் கல்லில் மாவைக் கையாலேயே தேய்த்து, நம் பேப்பர் ரோஸ்ட் மாதிரி மொறுமொறுவென்று எடுப்பது. உள்ளே முட்டை, சீஸ், தேன் என்று கேட்டதைத் தடவித் தருவார்கள். அம்மாவுக்கு முட்டை வேண்டாம் என்றால் மாவைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதோடு கரக். ஏலக்காய் போட்டுப் பாலும் சர்க்கரையும் வற்றக் காய்ச்சிய தேநீர், இந்தியர்கள் கொண்டுபோய் வளைகுடாவே தன்னுடையதாக்கிக்கொண்ட பானம். முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் நஜ்மா, மன்சூரா, பின் மஹ்மூத் பக்கம் டாக்ஸியில் போங்கள். மலையாளிகளும் தமிழர்களும் நிறைந்த பகுதிகள். இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை, பில் விமான நிலையத்தில் ஆவதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

நேரம் பகலில் கிடைத்தால் சூக்கை விட்டுவிட்டு அருங்காட்சியகம் போங்கள், உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு இருக்கின்றன, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைக் கட்டியவர் ஐ.எம். பெய். பாரிஸ் லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்த அதே ஆள். ஓய்வு பெற்றிருந்தவரை எண்பதைத் தாண்டிய வயதில் அழைத்து வந்தார்கள். கடற்கரையில் காட்டிய இடங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குப் பக்கத்தில் வேறு கட்டடம் எழும்பி இதை மறைத்துவிடும் என்று, கடலுக்குள் தனியாக ஒரு தீவை உருவாக்கித் தரச் சொன்னார். தந்தார்கள். 2008-ல் திறந்தது. கெய்ரோவின் இப்னு தூலூன் மசூதி முற்றத்தில் உள்ள நீர்மண்டபம்தான் அவருக்கு முன்மாதிரி. கனசதுரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரும்பித் திரும்பி ஏறும், வெயில் நகர நகர நிழல் மாறிக்கொண்டே இருக்கும். ஷாஜகானுக்காக 1631-32-ல் செய்யப்பட்ட ஜேடு கல் பதக்கம் ஒன்று இவர்களின் சேகரிப்பில் இருக்கிறது. மும்தாஜ் இறந்த காலம் அது.

தேசிய அருங்காட்சியகம் 2019-ல் வந்தது. ழான் நூவெல் வடிவமைத்தது. பாலைவனத்தில் ஜிப்சம் என்ற தாதுவும் மணலும் சேர்ந்து இதழ் இதழாக இறுகும் 'பாலை ரோஜா' கற்களைப் பார்த்துக் கட்டடத்தை அப்படியே வட்டத் தட்டுகளாக அடுக்கியிருக்கிறார். இரண்டில் நான் உங்கள் பெற்றோருக்குச் சொல்வது இதைத்தான், ஒரே ஒரு பொருளுக்காக: பரோடாவின் முத்துக் கம்பளம். பரோடா மகாராஜா காண்டேராவ் கெய்க்வாட் 1860-களில் செய்யச் சொன்னது. மதீனாவில் நபிகள் அடக்கத்தலத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்க எண்ணினார் என்பார்கள். அதற்குள் அவர் இறந்துவிட, கம்பளம் பரோடாவிலேயே தங்கிவிட்டது. மான்தோலும் பட்டுமான அடித்துணியில் பதினைந்து லட்சம் முத்துகள் அளவுக்குக் கோத்திருக்கிறார்கள். அந்த முத்துகள் இந்த வளைகுடாக் கடலில் எடுத்தவை. இங்கே மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த முத்து இந்தியாவுக்குப் போய், கம்பளமாகி, 2009-ல் தோஹாவில் நடந்த ஏலத்தில் விற்கப்பட்டு, எடுத்த கடலுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது. 1920, 30-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து இந்தத் தொழிலை முறித்த கதையையும், 1939-40-ல் துகானில் எண்ணெய் கிடைத்த கதையையும் அடுத்தடுத்த அறைகளில் பெரிய சுவர்களில் படமாக ஓட்டுகிறார்கள். அப்பாவுக்கு உட்கார்ந்து பார்க்க ஏற்றது. இரண்டு அருங்காட்சியகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அதுவும் ஒரே நாள் அல்ல. போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் முஷைரிப் பகுதியில் பின் ஜல்மூத் இல்லம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகத்தைப் பற்றிய அருங்காட்சியகம். கத்தாரில் அடிமை முறை 1952-ல்தான் ஒழிந்தது என்பதை அங்கே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பட்டியல்களில் கடைசியில் வரும். என்னைக் கேட்டால் முன்னால் வர வேண்டியது.

எல்லாவற்றையும் நீங்களே ஏற்பாடு செய்ய அலுப்பாக இருந்தால், இடைநிற்பவர்களுக்கென்றே கட்டணச் சுற்றுலா பேருந்தில் உண்டு. கடற்கரைச் சாலை, கத்தாரா என்ற கலாசார வளாகம், சூக் என்று காட்டிவிட்டு நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எதையும் ஆற அமரப் பார்க்க முடியாது. ஆனால் 'விமானத்தை விட்டுவிடுவோமோ' என்று மணிக்கொரு தரம் கேட்கும் அப்பாக்களுக்கு அதுவே நிம்மதி.

துபாய்க்கு நான் ஏன் ஓட்டுப் போடவில்லை? ஊர் மோசம் என்பதால் அல்ல. எமிரேட்ஸ் இறங்கும் மூன்றாவது முனையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது, விமான நிலையமும் ஊருக்கு நடுவில்தான். ஆனால் எல்லாமே நடை. முனையத்துக்குள் நடை, புர்ஜ் கலீஃபா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் துபாய் மாலுக்கு முக்கால் கிலோமீட்டருக்கு மேல் குளிரூட்டிய பாலத்தில் நடை, மாலுக்குள் இன்னும் நடை. 828 மீட்டர் கட்டடத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவே அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிடும். துபாய்தான் என்று முடிவானால் அந்தப் பக்கம் போகாதீர்கள். டாக்ஸி பிடித்து பர்துபாய் க்ரீக் போங்கள். அங்கே அப்ரா என்ற மரப் படகில் ஒரு திர்ஹம் கொடுத்தால் எதிர்க்கரையில் இருக்கும் தேரா பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் ஒரு பெஞ்சில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, டீசல் வாசனையோடு ஐந்தாறு நிமிடம். இறங்கினால் மசாலாச் சந்தை, கொஞ்சம் தள்ளித் தங்கச் சந்தை. அதைப் பார்த்துவிட்டுக் கராமாவில் தமிழ்ச் சாப்பாடு. துபாயின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான், மிக மலிவானதும் இதுதான். மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்குத்தான் தொடங்கும்.

அபுதாபிக்கு வருவோம். இதற்குத்தான் அந்தப் பலமான வாதம். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடும் வசதி 2014 முதல் அங்கே இருக்கிறது. மேற்காசியாவிலேயே வேறெங்கும் கிடையாது. அங்கேயே அமெரிக்க அதிகாரிகள் கைரேகை எடுத்து, கேள்வி கேட்டு, முத்திரை போட்டுவிடுவார்கள். சிகாகோவில் இறங்கினால் உள்நாட்டுப் பயணிபோல நேராகப் பெட்டி எடுக்கப் போகலாம். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில், நீண்ட பயணத்துக்குப் பிறகு குடியேற்ற வரிசையில் நிற்கவேண்டுமே என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்றால், பேசாமல் அபுதாபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சோதனைக்கென்று தனியாக நேரம் போகும், அதனால் ஊருக்குள் போனாலும் மற்ற இடங்களைவிட முன்னதாகவே திரும்ப வேண்டும்.

2023 நவம்பரில் திறந்த புதிய முனையத்திலிருந்து ஷேக் ஸாயித் பெரிய மசூதி டாக்ஸியில் இருபது நிமிடம்தான். 82 வெள்ளைக் குவிமாடங்கள். உள்ளே ஈரானியக் கைவினைஞர்கள் கையால் நெய்த 5,627 சதுர மீட்டர் கம்பளம் ஒன்றே தரை முழுவதும். நுழைவு இலவசம், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பெண்கள் தலையையும் கை கால்களையும் மூடியிருக்க வேண்டும், அம்மாவுக்கு அன்றைக்குப் புடவையைவிடத் துப்பட்டாவோடு சுடிதார் சுலபம். உள்ளே போய்வர நடை உண்டு, முடியாதவர்களுக்கு மின் வண்டி கேட்கலாம். அம்மாவுக்குக் கோயில்தான் வேண்டுமென்றால், 2024 பிப்ரவரியில் திறந்த சுவாமிநாராயண் கோயில் துபாய் நெடுஞ்சாலையில் அபு முரைகாவில் இருக்கிறது. ராஜஸ்தான் இளஞ்சிவப்புக் கல், ஏழு எமிரேட்டுகளுக்கு ஏழு கோபுரம், உள்ளே திருப்பதி பாலாஜியும் ஐயப்பனும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. மசூதியும் கோயிலும் ஒரே இடைநிற்பில் என்று திட்டமிடாதீர்கள், வண்டியில்தான் நேரம் போகும்.

மஸ்கட் வழியாகச் சிகாகோவுக்குப் பயணம் அமையாது என்பதால் விட்டுவிடுகிறேன். ஐரோப்பா போகும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், மத்ரா கடற்கரையும் சாம்பிராணி மணக்கும் அதன் சூக்கும் மூன்று ஊர்களையும்விட அழகு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பையில் என்ன இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன் நீங்களே திறந்து பாருங்கள், அம்மா கட்டியதை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கசகசா இந்த நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமா பொடியில் கலந்திருந்தாலும் சுங்கத்தில் அது குருமா அல்ல. வெளியே போகத் திட்டமென்றால் கைப்பையில் அது அறவே கூடாது. பாக்கு, பான் மசாலா, மின் சிகரெட் இவையும் வேண்டாம். அப்பாவின் வலி மாத்திரைகளில் டிரமடால், கோடீன் சேர்ந்தவை ஏதும் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில், மாத்திரையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். முட்டியில் உலோகம் பொருத்தியிருந்தால் அதற்கான கடிதமும்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு, முன்பதிவில் 'ஏ.வி.எம்.எல்.' (AVML, ஆசிய சைவ உணவுக்கான குறியீடு) என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது. வெறும் 'வெஜிடேரியன்' என்று விட்டால் அவித்த காய்கறியும் ஒரு ரொட்டியும் வரும். இந்தக் குறியீடு போட்டால்தான் சாதம், பருப்பு, காரம் என்று நம் ஊர்ப் பக்கம் இருக்கும். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதில்தான் விட்டுப்போகும். ரமலான் மாதத்தில் போனால் பகலில் தோஹாவில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும், பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதும் கூடாது. விமான நிலையத்துக்குள் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

திரும்பி வரும் நேரம்: தோஹாவிலும் துபாயிலும் விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு, அபுதாபியில் நான்கு. அமெரிக்கா போகும் விமானங்களுக்கு, ஏறும் வாசலிலேயே இன்னொரு பைச் சோதனை உண்டு. அதைத் தாண்டிய பிறகு சிலவேளை தண்ணீர் வாங்கக்கூட இடம் இருக்காது. கழிவறை, மாத்திரை எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தேதி முடிவானதும் விமான நேரங்களை எழுதுங்கள், எந்த நேரத்தில் எங்கே போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.